வயதான மட்டக்குதிரைக்குப் பின்னங்கால் மூட்டுத் தேய்மானம்: கட்டிப்போடுவதா, நடக்க வைப்பதா?

ஏரிச்சாலை | டிசம்பர் 9, இரவு 9.40

வணக்கம். கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் சேத்தக் என்று ஒரு மட்டக்குதிரை இருக்கிறது. (இங்கே பாதிக் குதிரைகளுக்கு இதுதான் பெயர். மீதிப் பாதி ராஜா.) பன்னிரண்டு கை (நான்கு அடி) உயரம், காயடித்த ஆண். வயது இருபத்திரண்டு இருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார்கள். என் மாமனார் இருந்தவரை ஏரியைச் சுற்றிச் சவாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுற்று 5 கிலோமீட்டர் வரும், முழுக்கத் தார்ச்சாலை. அவர் காலமானதும் சவாரியை நிறுத்திவிட்டோம். மூன்று வருடமாக வீட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

மழை விட்டதில் இருந்து வலது பின்னங்காலை இழுக்கிறது. காலையில் கொட்டகையை விட்டு வரும்போது முதல் இருபது அடி மரக்கால் வைத்த மாதிரி நடை. அப்புறம் கொஞ்சம் இளகிக்கொள்கிறது. இறக்கம் வந்தால் நேராக இறங்காமல் குறுக்காக இறங்குகிறது. அந்தக் குளம்பின் முனை மட்டும் தேய்ந்து சப்பையாகிவிட்டது. போன வாரம் லாடம் அடிப்பவர் காலைத் தூக்கியபோது உதைக்கப் பார்த்தது. இத்தனை வருடத்தில் அது யாரையும் உதைத்ததில்லை.

மருந்துக் கடையில் ஒரு ஊசி கொடுத்தார்கள், பக்கத்து வீட்டு அண்ணன் போட்டுவிட்டார். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. இரண்டு மாதம் அசையாமல் கட்டிப்போடு என்கிறார்கள் எல்லோரும். வைத்திருந்து என்ன பயன், தள்ளிவிடு என்கிறவர்களும் உண்டு. என்ன செய்யலாம்?

கொள்ளுப்பை | டிசம்பர் 9, இரவு 10.25

ஈரோட்டுப் பக்கம் மூன்று தலைமுறையாகக் குதிரை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. தங்கச்சி, இதற்கு ஒரே வைத்தியம் சூடு. மூட்டின் உள்பக்கம் மூன்று கோடு இழுத்து, மூன்று மாதம் கட்டிப்போட வேண்டும். என் அப்பா ஜட்கா ஓட்டிய காலத்தில் அப்படித்தான் ஒரு குதிரையை எழுப்பினார். ஊசி மருந்தெல்லாம் காசுக்குக் கேடு.

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 10, காலை 6.15

கொள்ளுப்பை, உங்கள் அப்பாவின் குதிரை தேறியது உண்மையாகவே இருக்கட்டும். அந்த மூன்று மாதம் அது வண்டி இழுக்கவில்லை அல்லவா? தேற்றியது அந்த ஓய்வு. சூடு கொடுத்தது புண்ணும் வலியும்தான். தயவுசெய்து வேண்டாம்.

அம்மா, நீங்கள் சொன்ன நான்கு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஹாக் மூட்டுத் தேய்மானம். ஊரில் அதைப் பின்னங்கால் முட்டி என்போம். உண்மையில் அது நம் கணுக்காலுக்குச் சமமான இடம். அது ஒற்றை மூட்டும் இல்லை, மாடிவீடு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். கால் மடங்குவதும் நீளுவதும் ஏறக்குறைய முழுக்க மேல் அடுக்கில்தான். கீழ் அடுக்குகள் இரண்டும் அதிகம் அசையாதவை, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் தட்டுகள். வருடக்கணக்கில் தார்ச்சாலையில் ஏறி இறங்கும் குதிரைக்குத் தேய்வது பெரும்பாலும் இந்தக் கீழ்த் தட்டுகள். வலிக்கிற காலை முழுதாகத் தூக்காமல் இழுத்து வைக்கிறது, அதனால் முனை தேய்கிறது. லாடத்துக்காகக் காலை உயரத் தூக்கினால் மூட்டு மொத்தமாக மடங்குகிறது, அதுதான் உதை.

ஆனால் எழுத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. குளம்புக்குள் சீழ் கோத்திருக்கலாம், குளம்பு அழற்சியாக இருக்கலாம். மட்டக்குதிரைகளுக்கு முழங்கால் சில்லு ஏறிப் பூட்டிக்கொள்வதும் சகஜம். மருத்துவர் காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பார், பிறகு எக்ஸ்ரே. அது வரைக்கும் இரண்டு கேள்வி: அந்த ஊசியின் பெயர் என்ன? தீனி என்ன போடுகிறீர்கள்?

ஏரிச்சாலை | டிசம்பர் 10, காலை 11.05

நன்றி டாக்டர். குப்பியில் டைக்ளோஃபெனாக் என்று இருக்கிறது. தீனி: வெளியே கிக்குயூ புல் மேய்கிறது. காலையும் மாலையும் ஒரு படி கோதுமைத் தவிடு, அதில் கொஞ்சம் வேகவைத்த கொள்ளு, ஒரு துண்டு வெல்லம். மாமனார் காலத்தில் இருந்து இதுதான்.

மாயாறு | டிசம்பர் 10, மதியம் 1.30

அக்கா, டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். கால்நடைக்கு அதைப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. அது உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டையோ குதிரையையோ தின்னும் பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். வட இந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழிந்தது இதனால்தான். எங்கள் மசினகுடிப் பக்கம் மிச்சமிருக்கும் கொஞ்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டையும் 2023-ல் தடை செய்துவிட்டார்கள். மெலாக்சிகாம் கழுகுக்கு ஆபத்தில்லாதது, குதிரைக்கும் கொடுப்பார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 10, இரவு 8.20

மாயாறு சொன்னது சரி. மெலாக்சிகாமும் எடையைக் கணக்கிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில்தான். வேறு வலி மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. தீனியை ஒதுக்குவது, பல்லை நறநறப்பது, லத்தி இளகுவது, இவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். வயிற்றுப் புண்ணுக்கு அவையெல்லாம் முன்னறிவிப்பு.

எடை போட லாரித் தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையில் இருந்து பிட்டத்தின் கடைசி வரை ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை வரும். உதாரணமாக 145 சுற்று, 130 நீளம் என்றால் 230 கிலோ.

இப்போது தவிடு. எனக்கு அதிகக் கவலை கொடுப்பது இதுதான். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல எட்டு, பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது, முடிந்தால் கூடுதலாகவே இருக்க வேண்டும். இந்தக் கணக்கு தலைகீழானால் உடம்பு எலும்பில் இருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். மாவு மில் குதிரைகளுக்கு அந்தக் காலத்தில் முகம் வீங்கி, கால் மாற்றி மாற்றி நொண்டியது இதனால்தான். போதாக்குறைக்குக் கிக்குயூ புல்லில் ஆக்சலேட் உண்டு. அது இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தவிட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். காய்ந்த குதிரைமசால் ஒரு கைப்பிடி கொடுங்கள், பெயரிலேயே குதிரை இருக்கிறதே. சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெல்லம் வேண்டாம். உடம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்தத் தட்டின் மேல்தான் இறங்குகிறது.

யார்க்‌ஷயர் அம்மா | டிசம்பர் 11, அதிகாலை 3.10

இங்கிலாந்தில் இருந்து. மகளுக்காக வாங்கிய வெல்ஷ் குதிரை, இப்போது 24 வயது, இதே வியாதி. மகள் படிக்கப் போய்விட்டாள், குதிரை என்னோடு.

எங்களிடம் முதலில் சொன்னது, கட்டிப்போடாதே. கொட்டகையில் நின்றுகொண்டே இருந்தால் மூட்டு இறுகும், மறுநாள் காலை இன்னும் மோசம். பகலெல்லாம் வெளியே விடுகிறோம், அதுவே மெதுவாக நடந்து மேய்கிறது. வட்டமாக ஓட வைப்பதும் சட்டென்று திருப்புவதும் கிடையாது. சூக்ஸிபியூஸோன் என்ற வலி மருந்துத் தூள் தினமும் தீனியில். அது கொடுத்த குதிரை மனித உணவுக்கு ஆகாது என்று அதன் பாஸ்போர்ட்டில் குறிக்க வேண்டும். ஆமாம், இங்கே குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. எனக்கு விசா கிடைக்கப் பட்ட பாட்டை நினைத்துக்கொள்வேன்.

முக்கியமானது: வாரம் ஒரு முறை, அதே இடம், அதே சமதளம், பக்கவாட்டில் இருந்தும் பின்னால் இருந்தும் கைபேசியில் நடையைப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

பனிமூட்டம் | டிசம்பர் 11, காலை 9.00

நானும் மலையில் குதிரை வைத்திருப்பவன்தான். ஒரு சந்தேகம். நடப்பது நல்லது என்றால், சீசனில் சின்னக் குழந்தைகளை மட்டும் ஏற்றி மெதுவாக ஒரு சுற்று நடத்தலாமே? தீனிச் செலவாவது தேறும்.

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 11, காலை 9.45

கூடாது. நொண்டும் விலங்கை வேலைக்கு விடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்கள், தார்ச்சாலை இறக்கத்தில் சுமையோடு இறங்கும்போது மொத்தப் பாரமும் எங்கே போகும் என்று யோசியுங்கள். தீனிச் செலவு பெரிய பாரம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இந்தக் கால் பதில் இல்லை.

ஏரிச்சாலை | டிசம்பர் 19, இரவு 8.50

கீழே இருந்து ஒரு மருத்துவர் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு மலைக்கு வந்தார். லாரியில் மலைப்பாதை வளைவுகளில் இறக்கினால் நொண்டிக் காலில் நின்று சமாளிக்காது என்று அவரே வந்துவிட்டார். வலது ஹாக்கின் கீழ்த் தட்டுகளில் ஒன்று ஏறக்குறைய மூடிவிட்டதாம், இன்னொன்று பாதி. இடதிலும் தொடக்கம். மூடுவது ஒருவகையில் நல்லதுதான் என்கிறார். எனக்குப் புரியவில்லை, மூட்டு மூடுவது எப்படி நல்லது? மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம், ஆனால் அவசரமில்லை என்றார். மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எடை 248 கிலோ, கொழுப்புதான் என்று விலாவைத் தடவிக் காட்டினார்.

படம் இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 20, காலை 6.30

நல்ல மருத்துவர். உரசிக்கொண்டிருக்கும் இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றாகிவிட்டால் உரசல் இல்லை, வலியும் குறையும். அதிகம் அசையாத தட்டு என்பதால் நடையில் பெரிய நஷ்டமில்லை. மேல் அடுக்கு ஒட்டினால்தான் கதை முடிந்தது. ஒட்டுவதற்கு மாதங்களும் ஆகும், வருடங்களும் ஆகும். சிலவற்றுக்கு முழுதாக ஒட்டாமல் இழுத்துக்கொண்டே போவதும் உண்டு. அந்த இடைக்காலத்தை வலி குறைத்துத் தாண்ட வைப்பதுதான் நம் வேலை.

யார்க்‌ஷயர் அம்மா | டிசம்பர் 20, மதியம் 2.15

ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் எங்கள் மருத்துவர் குஷிங் நோய் (ஒரு ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார். வயதான மட்டக்குதிரைகளுக்கு அது அதிகம், அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் குளம்பு அழற்சி வரும் அபாயம் உண்டு என்றார். கோடையிலும் உதிராத நீள முடிதான் அதன் அடையாளம். உங்கள் சேத்தக் ஏப்ரலில் முடி உதிர்க்கிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று. இரண்டாவது படத்தில் முன்னங்கால்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குளம்புக்கு மேலே உள்ள கணுவில், முன்பக்கம், இரண்டு காலிலும் முடி போய்ச் சிராய்ப்பு இருக்கிறதே. அது என்ன?

ஏரிச்சாலை | டிசம்பர் 20, மாலை 5.00

அது ரொம்ப நாளாக இருக்கிறது அக்கா. கல்லில் தடுக்கியிருக்கும் என்று மஞ்சள் பத்துப் போட்டேன். ஆறும், மறுபடி வரும்.

யார்க்‌ஷயர் அம்மா | டிசம்பர் 20, மாலை 5.20

அது படுத்துத் தூங்குகிறதா?

ஏரிச்சாலை | டிசம்பர் 20, இரவு 9.30

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் யோசித்தேன். அது படுத்து நான் பார்த்தே பல மாதமாகிறது. குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும் என்று எல்லோரும் சொல்வதால் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 21, காலை 5.50

யார்க்‌ஷயர் அம்மாவுக்கு என் வணக்கம். சிராய்ப்பை நானும் பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை.

குதிரை நின்றபடி அரைத் தூக்கம் போடும், அதற்குக் காலில் பூட்டு மாதிரி ஓர் அமைப்பே இருக்கிறது. ஆனால் கனவு காணும் ஆழ்ந்த தூக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்துவிடும், அதற்குப் படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் போதும். படுக்கப் பயப்படும் குதிரை பல நாள் தாங்கிவிட்டு, நின்றபடியே ஆழ்ந்துபோய் முன்னங்கால் மடங்கி விழும், விழிக்கும், எழும். அந்தக் கணுவில் இருப்பது அப்படி விழுந்த அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் பயம்? மாடு எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். குதிரை முன்னங்காலை நீட்டி ஊன்றிக்கொண்டு, பின்னங்கால்களால் உந்தி எழும். பின்னங்கால் இரண்டும் வலிக்கும் குதிரைக்குப் படுப்பது பள்ளத்தில் இறங்குவது போல. தரை வழுக்கினால் சுத்தம். உங்கள் கொட்டகைத் தரை என்ன? இரவில் எப்படிக் கட்டுகிறீர்கள்?

ஏரிச்சாலை | டிசம்பர் 21, காலை 10.10

சிமெண்ட் தரை, மூத்திரம் வடிய ஒரு பக்கம் சரிவு. வைக்கோல் போட்டால் தின்றுவிடுகிறது என்று கொஞ்சமாகத்தான் போடுவேன். இரவில் காட்டெருமை வந்தால் மிரளும் என்று முகக்கயிற்றைக் குட்டையாக வளையத்தில் கட்டுவேன். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பகலில் முளையடித்துக் கட்டி மேயவிடுகிறேன். அதுவும் கூடாது என்று சொன்ன வட்டம்தானே?

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 21, காலை 10.40

வட்டம்தான். கயிற்றுக்குப் பதில் வேலி. இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் விரிப்பு, அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள். வெட்கமெல்லாம் வேண்டாம், நூற்றுக்குத் தொண்ணூறு கொட்டகை அப்படித்தான் இருக்கிறது.

கொள்ளுப்பை | டிசம்பர் 22, இரவு 7.00

சூடு விஷயத்தில் டாக்டரோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது கிடக்கட்டும். லாடம் அடிப்பவருக்கு ஒரு யோசனை, தங்கச்சி. கிழட்டுக் குதிரைக்குப் பின்னங்காலை அவர் தொடை வரை தூக்கி மடியில் வைக்கக் கூடாது. தரையில் இருந்து ஒரு சாண் மட்டும், பின்பக்கமாக இழுக்காமல், வயிற்றுக்கு அடியில் முன்பக்கமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், முனகுவார், காசு கூடக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். நாலு தரம் அரத்தை இழுத்ததும் காலை இறக்கி விட வேண்டும். ஒரே நாளில் நாலு காலும் வேண்டாம். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஆளை வரச் சொல்லுங்கள். என் அப்பா ஜட்காக் குதிரைகளை இப்படித்தான் பார்த்துக்கொண்டார், மருந்தைத் தவிர.

ஓய்வுபெற்ற கால்நடை | டிசம்பர் 22, இரவு 7.25

கொள்ளுப்பை, இது என் நாற்பது வருட அனுபவத்தில் பாதிக்குச் சமம். பின்குளம்பின் முனையை வட்டமாக ராவச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனை நீளமாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டு கூடுதலாக உந்த வேண்டும்.

ஏரிச்சாலை | பிப்ரவரி 3, இரவு 9.15

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். முளையைப் பிடுங்கி வேலி போட்டோம். தவிடு நின்றுவிட்டது. முதல் வாரம் தொட்டியை உதைத்து ரகளை செய்தது, வெல்லத்துக்காக என்று நினைக்கிறேன். காலையும் மாலையும் சமதளத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி இப்போது இருபத்தைந்து நிமிட நடை. எடை 231.

மரத்தூள் போட்ட முதல் நாலு இரவு ஒன்றுமில்லை. மூலையில் நின்று முகர்ந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் காலை கதவைத் திறந்தால் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் இடது விலா முழுக்க மரத்தூள், வாலில் மரத்தூள், காதுக்குள்ளும். நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

எப்போதும் இடது பக்கம்தான் படுக்கிறது, வலது கால் மேலே. ஜனவரியில் உறைபனி விழுந்த வாரத்தில் மூன்று நாள் உடம்பில் மரத்தூள் இல்லை, படுக்கவில்லை. போர்வை போட்டோம், மருத்துவரிடம் கேட்டு மருந்தை ஒழுங்குபடுத்தினோம், மறுபடி படுத்தது. கணுவில் புது முடி முளைக்கிறது. நொண்டல் போகவில்லை. இறக்கத்தில் இன்னும் குறுக்காகத்தான் இறங்குகிறது, ஏரிப்பக்கம் கூட்டிப்போவதை விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும், கேட்கவும் பிடிக்கவில்லை. எப்போது போதும் என்று எப்படித் தெரியும்?

யார்க்‌ஷயர் அம்மா | பிப்ரவரி 4, அதிகாலை 1.40

நாள்காட்டியில் குறி போடுகிறேன். தீனிக்குக் குரல் கொடுத்தது, தானாக நடந்தது, படுத்து எழுந்தது. மூன்றும் இருந்தால் நல்ல நாள். ஒரு மாதத்தில் நல்ல நாளைவிட மற்ற நாள் அதிகமானால் மருத்துவரைக் கூப்பிடுவேன் என்று இப்போதே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பனிக்காலத்துக்கு முன்னாலேயே முடிவெடுப்பது நல்லது என்பார் அவர். இந்த வருடம் தாண்டிவிட்டோம்.

மாயாறு | பிப்ரவரி 4, காலை 8.30

அந்த நாள் வரும்போது, அக்கா, ஊசி போட்டுத் தூங்க வைத்த உடலைத் திறந்த வெளியில் விடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்த மருந்தும் கழுகையும் நரியையும் கொல்லும். இப்போது சொல்ல வேண்டியதில்லைதான், சொல்லிவிட்டேன்.

ஏரிச்சாலை | பிப்ரவரி 4, காலை 9.05

பரவாயில்லை தம்பி. கொல்லையில் இடம் இருக்கிறது. மாமனார் வைத்த பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில்.

பனிமூட்டம் | பிப்ரவரி 4, காலை 11.20

அக்கா, எங்களிடமும் பதினெட்டு வயதில் ஒன்று நிற்கிறது. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், அதுவும் படுக்கவில்லை. மரத்தூள் எங்கே வாங்கினீர்கள்? மூட்டை என்ன விலை?

ஏரிச்சாலை | பிப்ரவரி 4, காலை 11.50

மர இழைப்பகத்தில் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள், வண்டி வாடகை மட்டும்தான். ஆணி கிடக்கிறதா என்று சலித்துப் போடுங்கள். ரொம்பப் பொடியாக இருந்தால் இருமும், சீவல் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். எங்களிடம் இன்னும் ஆறு மூட்டை இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள்.